மாப்பிள்ளை எந்தத் தகரத் தலை

என்னைப் பெண் பார்க்க அவர்கள் ஒரே ஒரு தடவைதான் வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள், காபி குடித்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் மாப்பிள்ளை பார்த்ததுதான் பெரிய கதை. மேனாம்பேட்டில் எங்கள் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது, அதுவும் டிவியில். அப்படிப் பார்த்தும் அவர் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

அவர் அயனம்பாக்கத்துக்காரர். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற வேலை. எங்கள் நைனா மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். நைனாவுக்கு முந்தின தலைமுறை வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். கம்பெனிச் சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் வீடு, மாதம் பிறந்தால் சம்பளம் என்பது நைனாவுக்குச் சாமி கொடுத்த வரம். அதனால் மாப்பிள்ளைக்கு ஆவடியில் நிரந்தர வேலை என்றதுமே பாதிச் சம்மதம் சொல்லிவிட்டார். மீதியை மாப்பிள்ளையின் மாமா வாயைத் திறந்து கெடுத்தார்.

பையனைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது, அவன் தொழிற்சாலை நாடகக் குழுவில் பெரிய ஆள், இப்போது டிவி நாடகத்துக்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அந்த மாமா ஆரம்பித்தார். நைனா காபி டம்ளரைக் கீழே வைத்தார். எங்களுக்கு ஒரு பெரிய தாத்தா இருந்தாராம். கூத்துக் கட்டப் போனவர் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. அவர் பெண்டாட்டி கடைசிவரை வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்து செத்துப்போனாள் என்று நைனா அடிக்கடி சொல்வார். அன்றைக்கு வந்தவர்கள் தெருமுனை தாண்டியதும், வாசலில் நின்று அக்கம்பக்கம் கேட்கும்படிச் சொன்னார்:

"கூத்தாடிக்கு என் பொண்ணு கெடையாது. வேஷங்கட்றவன் ஊட்டுக்கு வர்றப்ப வேஷத்தக் கயட்டிட்டா வருவான்?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பெண்ணை நன்றாகப் பார்த்துக்கொள் என்று அவருடைய அம்மா சொன்னபோது அவர் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருடன் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்தோம். அதற்கு முன்பு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அம்மா நைனாவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினார். ரசத்தில் உப்பைக் குறைத்தார், பிறகு கூட்டினார். கடைசியில் நைனா கொஞ்சம் இறங்கி வந்தார். நாடகம் வரட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

அப்போது சென்னைக்கு டிவி வந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அந்த வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்தவர், அவர் வீட்டுக்காரருக்கு ஆவடியில் சூப்பர்வைசர் வேலை. அக்காவின் டிவிக்கு மரக் கதவு உண்டு, பூட்டும் உண்டு. அக்கா அதைத் திறக்கிற தினுசைப் பார்த்தால் உள்ளேயிருந்து கற்பூர வாசனை வரும் என்று தோன்றும். பொம்பளைகள் கூடத்தில், ஆம்பளைகள் நடையிலும் ஜன்னலுக்கு வெளியிலும் என்று அவர் வைத்ததே சட்டம். படம் ஓடும்போது பேசினால் கதவைச் சாத்திவிடுவேன் என்று மிரட்டுவார். அவரே பேசினால் சாத்த ஆள் கிடையாது.

நாடகத்தன்று அம்மா ஒரு குண்டான் கேசரி கிண்டி அக்கா வீட்டுக்கு அனுப்பினார். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். எனக்குத் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துவிட்டார். டிவிக்குள்ளிருந்து அவர் என்னைப் பார்க்கப்போவதில்லை என்று சொன்னேன். இருந்தாலும் ஒரு மரியாதை வேண்டாமா என்றார். மாப்பிள்ளை அன்றைக்கு வரவில்லை. அவருக்கு இரண்டாம் ஷிப்ட் என்று தகவல் வந்தது.

கதை நூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் யாரோ எழுதிய விஞ்ஞான நாவலாம். நாடகத்துக்கு முன்னால் ஒரு அம்மா வந்து அப்படித்தான் சொன்னார். அந்த நாவலுக்கு வேட்டி கட்டித் திருநீறு பூசி விட்டிருந்தார்கள். வேறொரு கிரகத்தில் தண்ணீர் வற்றிவிடுகிறது. அங்கிருந்து மூன்று பேர் ஒரு பெரிய மிஷினோடு இறங்கி, நம் பூமியிலுள்ள ஏரி, ஆறு, கடல் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானி அவர்களைத் தடுக்க வேண்டும்.

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் கூடத்தில் சலசலப்பு ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருக் குழாயில் அந்த வாரம் காற்றுதான் வந்துகொண்டிருந்தது. அயனம்பாக்கம் ஏரியில் பிள்ளைகள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பால்காரர் தன் கருத்தைச் சொன்னார்:

"நம்ம கொயாவுலயே தண்ணி இல்ல. இவன் இன்னாத்த எடுத்துகினு போவப்போறான்?"

எடுத்துக்கொண்டு போனால் போகட்டும், போகிற வழியில் நம் தெருவில் இரண்டு குடம் இறக்கிவிட்டுப் போகச் சொல்லுங்கள் என்றாள் ஒருத்தி. அவ்வளவு கோடி மைல் தாண்டி வருகிறவனுக்கு வழியில் ஒரு கிணறுகூடத் தட்டுப்படவில்லையா என்றாள் இன்னொருத்தி. அந்த நாவலை எழுதிய வெள்ளைக்காரர் எங்கள் கூடத்துக்கு வந்திருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேசரி சாப்பிடப் போயிருப்பார்.

பிறகு அந்த மூன்று பேரும் வந்தார்கள். கூடம் கப்சிப் என்று ஆனது. மூன்று பேருக்கும் வெள்ளிக் கலரில் தொளதொள உடுப்பு, கையில் உறை, தலையில் எண்ணெய் டின்னைக் கவிழ்த்த மாதிரி ஒரு தகரத் தலை. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. மூக்கு இல்லை, வாய் இல்லை. குரல்கூட எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வேறொருவர் பேசுவது போல வந்தது.

அம்மா உயரமானவரைத்தான் மாப்பிள்ளை என்றார். டிவி வீட்டு அக்கா, "இல்லட்டி, பொறத்தால நிக்கான் பாரு, அவந்தான் அடக்கமா இருக்கான்" என்றார். தெருவே மூன்று கட்சியாகப் பிரிந்தது. மூன்று தகரமும் வேண்டாம் என்று நாலாவதாக ஒரு கட்சி. நைனா நடையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் மிஷின் பக்கத்தில் நின்றவர்தான் அவர் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். டம்ளரைப் பிடித்த அந்தக் கைகளை எனக்குத் தெரியும் என்று அவ்வளவு நிச்சயம். கைக்கு உறை போட்டிருக்கிறதே என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிடித்துவிட்டால் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

மிஷினில் ஒரு பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது, மேலே ஒரு பல்பு மினுக்மினுக் என்றது. அது சுற்றச் சுற்ற ஏரி வற்றுகிறது என்று அர்த்தம். விஞ்ஞானி ஓடிவந்து ஊரை எச்சரிக்க அபாயச் சங்கை ஊதுகிறார். அதைக் கேட்டு மிஷின்காரன் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக உறிஞ்ச வேண்டும். கதை அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

சங்கு ஊதியது. நிஜமான கம்பெனிச் சங்கு மாதிரியே, இழுத்து, முழுசாக. எங்கள் கூடத்தில் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த ஒருவர் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார். டிவிக்குள் மிஷின் பக்கத்தில் நின்ற தகரத் தலையும் அதைத்தான் செய்தது. கையை நீட்டி மிஷினை நிறுத்தியது. சக்கரம் சுற்றி முடிகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தது. பிறகு, வேலை முடிந்ததும் எண்ணெய்க் கையைப் பனியன் வேஸ்ட் துணியில் துடைக்கிற மாதிரி இரண்டு கையையும், விரல் இடுக்கு விடாமல், வெள்ளி உடுப்பில் அழுந்தத் துடைத்தது.

பல்பு அணைந்துவிட்டது. விஞ்ஞானிக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மனப்பாடம் செய்து வந்த வசனத்தை விட முடியாமல், நின்றுபோன மிஷினைப் பார்த்து, ஐயோ தண்ணீரெல்லாம் போகிறதே என்று கதறினார். வெட்டி ஒட்டிச் சரிசெய்ய அவர்களுக்கு நேரமில்லை போலும், அப்படியே விட்டுவிட்டார்கள்.

கூடம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. கட்சிகள் எல்லாம் கலைந்துவிட்டன. சங்கு கேட்டுக் கை துடைக்கிறவன் நம்ம ஆவடி ஆள்தான், இவன்தான் மாப்பிள்ளை என்று ஒரே குரலாகத் தீர்ப்பு. பூமியைக் காப்பாற்றியதே மாப்பிள்ளைதான் என்றார் பால்காரர். நான் கனகாம்பரம் உதிர உதிரச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நைனா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"மிஷின நிறுத்திட்டு, கையத் தொடச்சிட்டு நிக்கிறான். வேஷத்துக்குள்ளயும் தொயிலாளிதான். தாம்பூலம் மாத்திக்கலாம்" என்றார்.

தையில் கல்யாணம் நடந்தது. சுபமாக இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. கல்யாணமாகிச் சில நாள் கழித்து, அந்தச் சங்கு விஷயத்தை நான் பத்தாவது தடவையாகச் சொல்லிச் சிரித்தபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது நான் இல்ல."

மூன்றில் எவரும் அவர் இல்லையாம். ஒத்திகைக்கெல்லாம் ஒழுங்காகப் போனவருக்குப் படம் பிடிக்கிற அன்றைக்கு ஷிப்ட் மாறிவிட்டது. லீவு கேட்டிருக்கிறார், மேஸ்திரி முடியாது என்றிருக்கிறார். லேத்தை விட்டுவிட்டுப் போக மனசு வராமல், அன்றைக்கு ஷிப்ட் இல்லாத பக்கத்து மிஷின் நண்பரைத் தகரத் தலைக்குள் அனுப்பிவிட்டு இவர் வேலைக்குப் போய்விட்டார். அந்த நண்பருக்கு ஒத்திகையே கிடையாது, சங்கு ஊதினால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் செய்துவிட்டார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றேன். உங்கப்பா தாம்பூலத் தட்டோடு வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார், எந்த இடத்தில் சொல்வது என்றார்.

இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. யாரோ ஒருவர் கை துடைத்ததைப் பார்த்துப் பூரித்துப்போன என் முட்டாள்தனத்தின் மேல்தான் எரிச்சல், பழி அவர் மேல் விழுந்தது. மூன்றாம் நாள், அந்த நண்பர் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதி, என் கையால் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

நைனாவுக்கு மட்டும் சொல்ல பயமாக இருந்தது. ஊரறியச் சொன்ன சொல்லை அந்தக் கையைப் பார்த்துத்தானே மாற்றிக்கொண்டார். தலைப் பிரசவத்துக்கு மேனாம்பேட்டுக்கு வந்திருந்தபோது மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார். முகம் மாறவே இல்லை.

"அப்ப ஏன் நைனா அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்டி சொன்னே?" என்று கேட்டேன்.

"வாசல்ல நின்னு மாட்டேன்னு கத்திட்டேன். எறங்கி வர்றதுக்கு எனக்கும் ஒரு சாக்கு வேணாமா?" என்றார். "மூணு தகரத்துல எது மாப்ளன்னு எனக்கு இன்னா தெரியும், கண்ணு? நான் டிவிய எங்க பாத்தேன்? தூணாண்ட ஒக்காந்து உன்னத்தான் பாத்துகினு இருந்தேன்."