அம்மாவின் சப்பாத்திக் கட்டையிலிருந்து கிளம்பிய விமானம்

போன வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க வீட்டுக்கே ஒரு பெண் வந்தாள். இப்போதெல்லாம் ஃபோனில் சொன்னால் போதும், காலையில் வெறும் வயிற்றோடு கதவைத் திறந்தால் ஊசியும் கையுமாக நிற்கிறார்கள். கையைக் கட்ட அவள் எடுத்த நீலப் பட்டையின் க்ளிப் உடைந்திருந்தது. "சாரி ஆன்ட்டி" என்றபடி பையின் அடியைத் துழாவி, பழுப்பு மஞ்சளில் மெல்லிய ரப்பர் ட்யூப் ஒன்றை எடுத்து, என் கையில் சுற்றி இழுத்து முடிந்தாள். ரப்பரும் டால்கம் பவுடரும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், ஊசி குத்தியதே எனக்குத் தெரியவில்லை. ஊசி என்றால் நான் எப்படி ஊரைக் கூட்டுவேன் என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "இன்னா ஆன்ட்டி, சிரிக்கிறீங்க?" என்றாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம். அதனால் அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அது என் அக்கா ரெஜினாவின் வாசனை. தி.நகரில் ஒரு மாடியில் இருந்த இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலை பார்த்தாள். சென்னை வெயிலில் அந்த ட்யூப்கள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், பவுடர் தூவி டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாலையில் மயிலாப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கி அவள் வரும்போது, தலையில் இருக்கும் மல்லிகையை முந்திக்கொண்டு அந்த வாசனைதான் வீட்டுக்குள் நுழையும். நான் அப்போதுதான் பாண்டி பஜாரில் ஒரு டி.டி.பி. சென்டரில் சேர்ந்திருந்தேன். நாள் முழுக்க ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை அடிக்கிற வேலை. 'நிகழும் மங்களகரமான' என்பதை என் விரல்கள் தூக்கத்தில்கூட அடிக்கும். வீட்டிலோ அக்காவுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. அவளுடைய பத்திரிகையை அடிக்கும் நாள் வருவதாகக் காணோம்.

காரணம் அப்பா. ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். லேத்திலிருந்து வருகிற ஒவ்வொரு உருப்படியையும் அளந்து பார்த்து, தேறியது இந்தப் பக்கம், கழித்தது அந்தப் பக்கம் என்று பிரித்து வைப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு கழித்துப் போட அவருக்குக் கிடைத்தது எங்கள் வீடு. தோசைக்கல் ஆடுகிறதா, ஜன்னல் கொக்கி சரியாக விழுகிறதா, நான் எடுத்த வகிடு நேராக இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்வையிடுவார். அக்காவுக்கு வந்த மூன்று வரன்கள் அவரிடம் தேறவில்லை. ஒருவர் காப்பியைச் சத்தம் போட்டு உறிஞ்சினார். இன்னொருவர் ஸ்கூட்டரின் ஸ்டாண்டு வளைந்திருந்தது. "வண்டியவே இப்பிடி வெச்சிக்கினு கீறான், பொண்ண எப்பிடி வெச்சிப்பான்?" என்று அந்தக் கதையை முடித்தார். மூன்றாமவரிடம் என்ன குறை கண்டார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

லாரன்ஸ் வந்தது இதற்குப் பிறகு. மஞ்சள் காமாலையோ என்ற சந்தேகத்தில் அக்காவிடம் இரத்தம் கொடுக்க வந்திருக்கிறார். எல்லோரும் ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர் கையில் கட்டிய ட்யூபையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். "மேடம், இத்த எவ்ளோ தூரம் இழுக்கலாம்?" என்று வேறு கேட்டிருக்கிறார். மறுநாள் ரிப்போர்ட்டை வாங்கியவர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "நைஞ்சி போனது எதுனா இருந்தா ஒரு துண்டு குடுங்க மேடம்" என்று நின்றாராம். காமாலை இல்லை. ஆனால் அக்காவுக்கு வேறு ஒன்று வந்துவிட்டது.

அவருக்கு வடபழனியில் வேலை. சினிமாவுக்கு மாதிரி வீடு, மாதிரி ரயில், மாதிரி அரண்மனை எல்லாம் செய்து தருகிற கூட்டத்தில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த வெற்று மைதானத்தில் கிளைடர் விடுவார். பால்சா என்று ஒரு மரம் உண்டு, கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. அதில் முழ நீளத்துக்கு இறக்கை. மூக்கில் எடைக்கு ஒரு துளி ஈயம். அதன் அடியில் ஒரு கொக்கி, அது அக்காவின் கொண்டை ஊசியை வளைத்துச் செய்தது. மோட்டார் கிடையாது. கைப்பிடி ஒன்றில் கட்டிய ரப்பரில் கொக்கியை மாட்டி, வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்து, வானத்தைப் பார்த்து விட்டால் சீறிக்கொண்டு மேலே போகும். பிறகு சாவகாசமாக வட்டம் போட்டு இறங்கி வரும். அக்கா தனியாகப் போகக் கூடாது என்பதால் நான் துணைக்குப் போவேன். துணை என்றால், விழுந்த கிளைடரை முள்ளுச் செடிக்குள்ளிருந்து எடுத்து வருகிற வேலை. சுடிதார் துப்பட்டா கிழியாமல் ஒரு ஞாயிறும் வீடு திரும்பியதில்லை.

லாரன்ஸின் தாயார் வந்து பேசிவிட்டுப் போனார். அப்பா ஆகும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் மூன்றாவதாக ஒரு குவியல் உண்டாம், முடிவு சொல்லாமல் ஓரமாக வைத்த உருப்படிகள். லாரன்ஸ் அதில் கிடந்தார். "தெர்மாகோல்ல அரமன கட்றான். ஞாயித்துக்கெழம ஆனா ஏரோப்ளேன் வெளயாடறான். முப்பது வயசு!" என்பதற்கு மேல் அப்பா பேசவில்லை.

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. தவக்காலம் தொடங்கச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அது முடிந்து ஈஸ்டர் வருவதற்குள் லாரன்ஸ் ஒரு படத்துக்காக ஹைதராபாத் போய்விடுவார், திரும்ப ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். ஆக, வருகிற ஞாயிறு ஓலைக்குப் பெயர் கொடுத்தால் உண்டு. அக்கா யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அவளை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அப்பா மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொன்னால் நன்றாக இருக்காது.

அந்த வாரம் பார்த்து வீட்டில் சப்பாத்திக் கட்டையைக் காணோம். அம்மா மூன்று நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துச் சப்பாத்தி இட்டார். எடுத்தவள் அக்கா. லாரன்ஸ் தன் பழைய கைப்பிடி உடைந்துவிட்டது என்று புலம்ப, உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும் என்று இவள் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அவர் அதைப் பாதியாக அறுத்து, தடித்த பக்கத்தில் துளை போட்டு, ட்யூபைக் கோத்துக் கட்டியிருந்தார். அந்த ரப்பரும் அறுந்து போனதால், புது ட்யூப் மாட்டுவதற்காக அக்கா அதை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் அது அம்மா கையில் சிக்கியது.

"என் கட்டைய யாருடி அறுத்தது?" என்று அம்மா போட்ட சத்தத்தில் அப்பா எழுந்து வந்தார். அப்பா அந்தப் பாதிக் கட்டையை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னாது?"

நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் ஒன்றை மறைத்து வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

"ஓட்ட நடுவுல இல்ல" என்றார் அப்பா. "ரப்பர் ஒரு பக்கமா இழுக்கும். அது எப்பிடி நேரா போவும்?"

"போன ஞாயிறு பூரா இடது பக்கமாதாம்பா போச்சி" என்றேன்.

"போவாம? ஓட்ட வெளிம்பும் பிசிறு எடுக்கல. அதான் ரப்பர அறுக்குது."

அவ்வளவுதான். அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து தன் மரப்பெட்டியை இழுத்தார். பழைய துளையில் ஆப்பு அடித்து மூடினார். வெர்னியர் அளவுகோலால் அளந்து, நடுவில் பென்சிலால் புள்ளி வைத்து, கை டிரில்லைச் சுற்றிச் சுற்றிப் புதுத் துளை போட்டார். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தார். விரல் நான்கும் பதிகிற மாதிரி பிடியில் பள்ளம் எடுத்தார். இரண்டு மணி நேரம் ஆனது. அரைகுறை வேலை கண் முன்னே கோணலாகக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அதற்கும் லாரன்ஸுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மா மட்டும், "எனக்கு ஒரு முழுக் கட்ட வாங்கிக் குடுத்துடுங்க" என்றார்.

மறுநாள் பூசை முடிந்ததும் அப்பா, "கைப்பிடி வேல செய்யுதான்னு பாக்கணும்" என்று எங்களோடு பஸ் ஏறினார். மைதானத்தில் அவரைப் பார்த்ததும் லாரன்ஸ், கையில் இருந்த சமோசாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வணக்கம் அங்கிள்."

"ம். ரப்பர மாட்டு."

வெயில் ஏறியிருந்தது. ஆற்றுக்கு மேலே இரண்டு பருந்துகள் சிறகசைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தன. தரை சூடாகி மேலே எழுகிற காற்றில்தான் அவை அப்படிச் சுற்றும், அதில் மாட்டினால் கிளைடர் திரும்பி வராது என்று லாரன்ஸ் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அதற்கு அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். வால் இறக்கையை ஒரு சின்ன ரப்பர் பேண்டு அழுத்திப் பிடித்திருக்கும். அதன் அருகில் அரை விரற்கடை ஊதுபத்தித் துண்டைச் செருகிப் பற்ற வைப்பார். நெருப்பு பேண்டைத் தொட்டதும் அது அறும், வால் நிமிரும், கிளைடர் அப்படியே கீழே இறங்கிவிடும். அன்றைக்கு இருந்தது அவருடைய மிகச் சிறந்த கிளைடர், எட்டு மாதமாகத் திருத்தித் திருத்தி விட்டுக்கொண்டிருந்தது. பத்தியைப் பற்ற வைத்து, "நீங்களே விடுங்க அங்கிள்" என்று நீட்டினார்.

அப்பா இடது கையில் கைப்பிடியை நீட்டிப் பிடித்தார். வலது கையால் வாலைப் பிடித்தவர் புகையைப் பார்த்தார். எரிகிற நெருப்பு, பக்கத்தில் ரப்பர், சுற்றிலும் காய்ந்த மரம். முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? காய்ப்பு விழுந்த கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கிள்ளு கிள்ளின. பத்தி அணைந்தது. லாரன்ஸ் அப்போது காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். அப்பா செய்தால் காரணம் இருக்கும் என்று சும்மா இருந்துவிட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கிய நான், பேச வேண்டிய ஒரே நேரத்தில் பேசவில்லை.

அப்பா இழுத்து விட்டார். கிளைடர் இடது பக்கம் ஒரு இம்மிகூடச் சாயவில்லை. நேராக ஏறியது. ஏறி, பருந்துகள் இருந்த இடத்துக்குப் போய், அவற்றோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்தது. "எம்மா!" என்றாள் அக்கா.

"எப்ப கீழ வரும்?" என்றார் அப்பா.

"பத்தி எரிஞ்சதும் வந்துடும் அங்கிள். ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது. அது மெல்ல ஆற்றைத் தாண்டி நந்தனம் பக்கம் நகர்ந்தது. எங்கள் வீட்டில் அப்பா தவறு என்று ஒன்றை ஒப்புக்கொண்டு நாங்கள் கேட்டதே இல்லை.

"பத்திய நான்தான் அணைச்சிட்டேன்" என்றார். "நெருப்பாச்சேன்னு. தப்பு என்னுது."

அக்கா என் கையை இறுகப் பிடித்தாள். லாரன்ஸ் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். கிளைடர் ஒரு வெள்ளைப் புள்ளியாகியிருந்தது. திடீரென்று அவர் ஆற்றங்கரையை நோக்கி ஓடினார், ரயிலேற்ற வந்தவர்கள் மாதிரி இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு.

"அங்கிள், பாருங்க அங்கிள்! எட்டு மாசமா உட்டுக்கினு கீறேன், இந்த ஒசரம் ஒரு நாள்கூட போனதில்ல! உங்க கைப்பிடிதான் அங்கிள்!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "சின்னவளே, ஃபாதர் எத்தினி மணி வரிக்கும் இருப்பாரு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு வரைக்கும்பா."

"அப்ப கெளம்பு. ஓலைக்கு பேரு குடுத்துட்டு போயிடலாம்."

அக்கா அங்கேயே, அந்த முள்ளுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் அப்பா என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "தப்ப என் மேல போடவேயில்ல பாரு, அந்த பையன்."

அக்காவின் பத்திரிகையை நானே அடித்தேன். சந்தோஷத்தில் மாப்பிள்ளை பெயரில் எழுத்துப்பிழை விட்டு, மறுபடி அடித்தேன். தவக்காலத்துக்கு முந்தைய திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. ஹைதராபாத்துக்கு இரண்டு பேருமாகப் போனார்கள்.

அந்த மைதானம் இப்போது இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. அத்தானுக்கு வேலை எல்லாம் கம்ப்யூட்டரில், பால்சா வாங்கியே பல வருஷம் ஆகிறது. நந்தனம் பக்கத்தில் அன்று தெரிந்த ஓட்டு வீடுகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. கிளைடர் ஏதாவது ஒரு கூரையில் கிடந்திருக்கும் என்று நம்பக்கூட இடமில்லை.

ஆனால் அப்பா அது தொலைந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அக்காவும் அத்தானும் சென்னைக்குத் திரும்பிய பிறகு, கோட்டூர்புரம் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டியின் பின்சீட்டிலிருந்து அப்பா அண்ணாந்து பார்த்து, "இன்னும் எறங்கலியாப்பா?" என்பார். "இல்ல மாமா, நல்ல காத்து கீது" என்பார் அத்தான். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. போன மாதம் அத்தான் வண்டியில் அந்தப் பாலத்தைக் கடந்தேன். நடுவில் வந்ததும் அவர் வண்டியை மெதுவாக்கினார். அவராகவே, எனக்கும் கேட்காத குரலில் சொல்ல நினைத்து, கேட்கும்படியாகவே சொல்லிவிட்டார்.

"இன்னும் எறங்கல மாமா."