நூல் கட்டிய ஊசிகள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அம்மாவின் இடது மார்பில் கட்டி தெரிந்து, தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது, வெள்ளைக்கார டாக்டரம்மாவின் இங்கிலீஷைத் தமிழில் சொல்லும் வேலை அதனால் எனக்கு வந்தது. உலகச் சண்டை நடந்த வருஷங்கள் அவை. துணைக்கு மாமா, அம்மாவின் தம்பி, வந்திருந்தார். அப்பா தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவர். மேலே தோணியில் நின்று அவருக்குக் கயிறு பிடிப்பது மாமாதான். மாமா இல்லாத நாட்களில் அப்பா கடலில் இறங்குவதே இல்லை.

மார்பையும் அடியிலுள்ள தசையையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் வழக்கமான வைத்தியம் என்றார் டாக்டரம்மா. பிறகு அந்தக் கையைத் தூக்க முடியாமல் போகலாம். புதிதாக இன்னொரு வழியும் உண்டு. ரேடியம் அடைத்த ஊசிகளைக் கட்டியைச் சுற்றிக் குத்தி, ஏழு நாள் உள்ளேயே விட்டு வைப்பது. கட்டி கரையலாம், கரையாமலும் போகலாம்.

"கை இல்லாம நான் எப்பிடிலே சோறு பொங்குவேன்? ஊசியே போடச் சொல்லு" என்றாள் அம்மா.

ஈயப் பெட்டிக்குள்ளிருந்து நீண்ட இடுக்கியால் ஓர் ஊசியை எடுத்து எனக்குக் காட்டினார்கள். மீன் முள்ளைப் போல இருந்தது. காதில் பட்டு நூல் கோத்திருந்தது. வெளிச்சம் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. இதுவா தசைக்குள் கிடந்து நோயை எரிக்கப் போகிறது? எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

அம்மாவை மயக்கி ஊசிகளைக் குத்தினார்கள். ரேடியம் மற்றவர்களைத் தாக்காமலிருக்கக் கட்டிலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள்; உறவுக்காரர்கள் அதற்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்கலாம். மூன்றாம் நாள் காலை நானும் மாமாவும் நின்றுகொண்டிருந்தோம். கழுத்தெலும்புக்குக் கீழே கட்டுக்கு வெளியே ஒரு நூல் தெரிந்தது. அம்மா அதை இரண்டு தரம் வெடுக்கென்று இழுத்தாள். மாமா ஒரே தாவலில் கோட்டைத் தாண்டி, நூலைப் பிடித்து உருவிவிட்டார். ஊசி அவர் கையில் ஆடியது.

"கீழ போடுங்க! கையில வச்சிருக்காதிய!" என்று நர்ஸம்மா கத்தினாள்.

"அக்கா இழுத்தாள்லா? இழுத்தா தூக்கணும்லா!"

"ஏலே கூறுகெட்டவனே, எனக்கு அங்கன அரிச்சிச்சிலே!"

டாக்டரம்மா ஓடி வந்தார். நான் இங்கிலீஷில் விளக்கினேன். குளிக்கிறவர் அடியிலிருந்து கயிற்றை இழுத்தால், மேலே இருப்பவர் யோசிக்காமல் தூக்க வேண்டும். தாமதித்தால் ஆள் போய்விடும். அக்காள் தாலியறுக்கக் கூடாதே என்ற பயம் மனைவியின் தம்பிக்குத்தான் இருக்கும் என்பதால், கயிற்றை எங்கள் ஆட்கள் அவன் கையில்தான் கொடுப்பார்கள்.

டாக்டரம்மாவின் கோபம் பாதி இறங்கியது. ஓர் ஊசி குறைந்தாலும் அந்த இடத்தில் நோய் தப்பிவிடும் என்றார். மறுபடி மயக்கி அதைக் குத்தினார்கள். "எத்தனை தரம் இழுத்தாலும் ஏழு நாளைக்குத் தூக்கக் கூடாது என்று சொல்" என்றார். சொன்னேன். அதன் பிறகு மாமா வார்டுக்குள்ளேயே வரவில்லை. வெளியே கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஊசிகளை எடுத்தபின் தோல் சிவந்து, கறுத்து, உரிந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போனோம். டாக்டரம்மா வெகுநேரம் அழுத்திப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையையே எடுத்து அந்த இடத்தில் வைத்தார். அம்மாவின் விரல்கள் தேடின. மேலே, கீழே, கக்கம் வரைக்கும் தேடின.

"ஏலே, அது எங்கன போச்சுன்னு கேளு."

கேட்டேன். மறுபடி வராது என்று சத்தியம் செய்ய முடியாது, மூன்று மாதத்துக்கொரு தரம் வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்கே போனது என்பதற்கு மட்டும் சிரித்துக்கொண்டே, "எனக்கும் முழுக்கத் தெரியாது" என்றார்.

அதை நான் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா கையை எடுக்கவே இல்லை.