பரிசு ஊரில் யாருக்கு?

அந்த நிகழ்ச்சி இப்போது ஒருவருக்கும் நினைவில் இல்லை. நினைவில் வைத்திருக்கிற அளவுக்கு அது நல்ல நிகழ்ச்சியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஒளிபரப்பான ஒரு சின்னத் தொலைக்காட்சி ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அதை நடத்தியது. அந்த வாரச் செய்திகளிலிருந்து கேள்வி கேட்பார்கள். பார்ப்பவர்கள் வீட்டிலிருந்து போன் எடுத்து விடை சொல்ல வேண்டும். கோட்டுப் போட்ட ஒரு பொடியன் வியர்த்துக் கொட்டக் கொட்ட நின்று நடத்துவான். அவனுக்குப் பின்னால் ஒரு உலகப் படம், அதில் ஒரு மூலை கழன்று தொங்கும். யாரும் அதை ஒட்டவில்லை. மாரி மழை தொடங்குவதற்கு முன்பே நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள்.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. பரிசு என்ன தெரியுமா? ஒரு காஸ் சிலிண்டர். வெளிநாட்டிலிருந்து போன் எடுப்பவர் வென்றால், ஊரிலிருக்கும் தன் ஆட்களில் ஒருவரின் பெயரையும் இடத்தையும் சொல்ல வேண்டும். சிலிண்டர் அவர் வீட்டுக்குப் போகும். போன் எடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டுக்காரர்தான். எங்களுக்குப் பல நாள் அந்த நேரத்தில் கரண்டே இருக்காது.

அப்பா முதல் வாரத்திலிருந்தே பார்த்தார். அவருக்குச் செய்தி என்றால் உயிர். கொழும்பில் கடை வைத்திருந்தவர், கலவரத்தில் கடை எரிந்த பிறகு புங்குடுதீவுக்கு வந்து தங்கிவிட்டவர். மடத்துவெளியில் எங்கள் வீட்டுக்கு இரு பக்கமும் பூட்டிய வீடுகள். அம்மா போய்ப் பல வருடம். நான் காலையில் பஸ் ஏறி வேலணைக்கு அலுவலகம் போய்விடுவேன். பின்னேரம் வரும்வரை அப்பா பேப்பரோடும் றேடியோவோடும் இருப்பார். எந்த அமைச்சர் எந்தக் கட்சிக்குத் தாவினார், எந்தக் கப்பல் துறைமுகத்தில் காசில்லாமல் நிற்கிறது, எல்லாம் தெரியும். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து விடை சொல்லுவார். போட்டியாளர் பிழையாகச் சொன்னால் "மோடன்" என்பார்.

இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, "பிரான்சிலிருந்து ஒரு நேயர் இணைப்பில் இருக்கிறார்" என்றான் கோட்டுப் பொடியன். "வணக்கம்" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் கோப்பைகள் மோதுகிற சத்தம் கேட்டது.

என் தம்பி.

அப்பா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தார். "சத்தத்தைக் கூட்டு பிள்ளை" என்றார். கூட்டினேன். "காது மந்தமாப் போச்சு" என்றார். அப்போது அவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை.

அதற்கு ஆறு வருடம் முன்னர் தம்பி அங்கே ஒரு பெண்ணைக் கட்டினான். பக்கத்துத் தீவு ஊர்காவற்றுறைப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் கடல் தொழில் செய்கிறவர். அப்பா வாய்விட்டுச் சொன்னது "வேதக்காரி" என்பதை மட்டும்தான். வாய்விட்டுச் சொல்லாதது சாதி. தீவில் யாருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கலியாணச் செய்தி வந்த அன்று அப்பா கட்டியிருந்த வேட்டியோடு கிணற்றடிக்குப் போனார். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றினார். செத்த வீட்டுக்குப் போய் வந்தவன் முழுகுகிற மாதிரி. ஊரில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்றே நல்ல வெயிலில் முழுகினார். அதற்குப் பிறகு தம்பி போன் எடுத்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். கொஞ்ச நாளில் அவனும் என் போனுக்கு மட்டும் எடுக்கத் தொடங்கினான். அப்பா வீட்டில் இல்லாத நேரத்தில் நான் கதைப்பேன். நான் கதைப்பது அப்பாவுக்குத் தெரியும். ஒரு நாளும் அவர் ஒன்றும் கேட்டதில்லை.

அன்று நிகழ்ச்சியில் தம்பி சரியான விடை சொன்னான். ஏதோ டீசல் கப்பல் பற்றிய கேள்வி. கைதட்டலை ஓடவிட்டார்கள்.

"நேயர் சொந்தமா எந்த இடம்?" என்று பொடியன் கேட்டான்.

"புங்குடுதீவு."

"அருமை! அப்ப பரிசை ஊரில ஆருக்குக் குடுப்பம்?"

தம்பிக்கு ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. பின்னால் கோப்பைகள் மோதின.

"எனக்கு அங்க ஒருத்தரும் இல்லை. ஏதாவது வயோதிபர் இல்லத்துக்குக் குடுங்கோ."

எங்கள் குசினியில் விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. காஸ் முடிந்து வாரக் கணக்கு. புகையில் என் கண் கரிந்தது. அப்பா எழுந்து போய் முற்றத்தில் நின்றார்.

அடுத்த நாள் வேலணையிலிருந்து தம்பிக்கு எடுத்தேன்.

"ஒருத்தரும் இல்லையோடா? நான் ஆர்?"

"அக்கா, உன்ர பேரைச் சொன்னா அந்த வீட்டுக்குத்தானே சிலிண்டர் வரும். அந்த மனிசன் நான் குடுத்த நெருப்பில சமைச்சதைத் தின்னுவாரோ?"

"அதுக்கு ஊர் முழுக்கக் கேக்கச் சொல்லுவியோ?"

"அவர் ஊர் முழுக்கப் பாக்கத்தானே தலை முழுகினவர். செத்தவனுக்கு ஊரில ஆர் இருக்கினம்?"

எனக்கு வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். முடிவில், "அப்பா பாத்தவர்" என்றேன்.

"என்ன சொன்னவர்?"

"சத்தத்தைக் கூட்டச் சொன்னவர்."

அவன் போனை வைத்துவிட்டான். ஆனால் அடுத்த ஞாயிறும் நிகழ்ச்சிக்கு எடுத்தான். அதற்கடுத்த ஞாயிறும் எடுத்தான். சில வாரம் அவனுக்கு இணைப்புக் கிடைக்கும், சில வாரம் கிடைக்காது. வெல்லுவான், தோற்பான். வென்றால் பரிசு வயோதிபர் இல்லத்துக்குப் போகும். உண்மையில் போனதா என்று நான் விசாரிக்கவில்லை.

கடைக்குப் போன அப்பாவை ஒருவர் மறித்தார். "என்ன அண்ணை, உங்கட மோன் ரீவியில பெரிய ஆளாகிட்டான். ஊரில ஒருத்தரும் இல்லையாமே?"

"அது வேற ஆரோ," என்றார் அப்பா. சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தே வந்தார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானமே முகம் வழித்து, வெள்ளைச் சாரம் கட்டி, கதிரையைப் பெட்டிக்கு முன்னால் இழுத்துப் போடுவார். கரண்ட் போனால் மின்சாரக்காரரை, அரசாங்கத்தை, எல்லாரையும் திட்டுவார். தம்பியின் குரல் வராத வாரங்களில் சாப்பிடாமல் படுப்பார். எனக்குப் பொறுக்க முடியவில்லை. என் போனை அவர் மடியில் போட்டேன்.

"நம்பர் இருக்கு. அமத்தினால் சரி. கதையுங்கோ."

"ஆரோட கதைக்கிறது? நான் செய்தி பாக்கிறன்."

இப்படிப்பட்ட மனிதரோடு என்ன செய்வது? நான் குசினிக்குப் போய்ச் சட்டியைப் போட்டு அடித்தேன்.

நிகழ்ச்சியின் கடைசி நாள் அதுதான் என்று அன்று எங்களுக்குத் தெரியாது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல் உரத்துக் கேட்டது. அதே குரல் ஒரு கணம் பிந்திப் பெட்டியிலிருந்தும் வந்தது. தேங்காய்ப் பாதியோடு அப்படியே எழும்பி ஓடினேன். தன்னுடைய பட்டன் போனைக் காதில் அழுத்திப் பிடித்தபடி நின்றார்.

"ஐயா, ரீவிச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கோ," என்றான் பொடியன். நான் குறைத்தேன்.

கேள்வி, எரிபொருள் கொடுக்கிற புது முறை பற்றி. வாகன இலக்கத்தில் எதைப் பார்த்து நாள் ஒதுக்குகிறார்கள்?

"கடைசி இலக்கம்," என்றார் அப்பா. அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

"சரியான விடை! ஐயா உள்ளூர் ஆள்தானே, சிலிண்டரை உங்கட வீட்டுக்கே அனுப்பிவிடுவம்."

"எனக்கு வேண்டாம். ஊர்காவற்றுறையில என்ர சம்மந்தி வீடு இருக்கு. அங்க குடுங்கோ."

"சம்மந்தி வீடோ?"

"ஓம். என்ர மோன் அவையின்ர பிள்ளையைக் கட்டியிருக்கிறான். பிரான்சில."

பிறகு அந்த மனிதரின் முழுப் பெயரையும் எந்தக் கோயிலுக்குக் கிட்ட வீடு என்பதையும் சொன்னார். நான் ஒரு நாளும் அவருக்கு அதைச் சொன்னதில்லை. எப்போது, யாரிடம் விசாரித்து வைத்திருந்தாரோ.

போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். நிகழ்ச்சி முடிவதற்குள்ளேயே அவருடைய போன் அடித்தது. வெளிநாட்டு இலக்கம்.

"பிள்ளை, எடு."

"ஏலாது. உங்கட போன். நீங்களே எடுங்கோ."

அடித்து நின்றது. திரும்ப அடித்தது. நான் தேங்காய்ப் பாதியைப் பிடித்தபடி அசையாமல் நின்றேன். எடுத்தார்.

"ஆர்?" என்றார். யார் என்று தெரியாதது போல. அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. அப்பா சொன்னது மட்டும் கேட்டது. "கடைசி இலக்கம்தான். பேப்பரில பாத்தனான்."

ஆறு வருடம் கழித்துத் தகப்பனும் மகனும் கதைத்த முதல் கதை அது.

அடுத்த ஞாயிறு அந்த நேரத்துக்குச் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். ஒரு அறிவிப்பும் இல்லை. சிலிண்டரும் ஊர்காவற்றுறைக்குப் போகவில்லை. ஆனால் அந்த நேரத்துக்குத் தம்பியின் போன் வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கதைத்தது முழுக்கச் செய்தி. பாண் விலை, டொலர் விலை, எந்த அமைச்சர் எங்கே ஓடினார், பிரான்சில் யார் வேலைநிறுத்தம். தலை முழுகியது பற்றி ஒரு சொல் இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊருக்கு முன்னால் சம்மந்தி என்று சொன்ன மனிதருக்கு, மகனிடம் "உன்ர மனிசி சுகமோ" என்று கேட்க வாய் வரவில்லை. அவனும் தானாகச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுவானாம். இரண்டு பேரும் ஒரே மண். எனக்கு இரண்டு பேரிலும் கோபம். இன்றைக்கும்தான். அப்பா அதற்கடுத்த வருடம் மாசியில் போய்விட்டார், அதற்காகக் கோபம் குறைந்ததென்று பொய் சொல்ல மாட்டேன்.

அவர் போவதற்குச் சில மாதம் முன்னர் ஒரு ஞாயிறு தம்பியின் போன் வரவில்லை. அப்பா கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில், "உன்ர போனைத் தா" என்றார். தம்பி வீட்டு நம்பருக்கு முதல் தடவையாக அவராகவே எடுத்தார். அப்போது உண்மையாகவே அவருக்குக் காது கேட்பது குறைந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

ஒரு பெண் எடுத்தாள். "சொல்லுங்கோ மச்சாள்," என்றாள். நான்தான் என்று நினைத்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "நான்... புங்குடுதீவிலயிருந்து கதைக்கிறன்."

அந்தப் பக்கம் கதிரை இழுபடுகிற சத்தம் வந்தது. "ஓம் மாமா. அவர் இன்னும் வேலையால வரேல்லை மாமா."

அப்பாவுக்கு அடுத்தது என்ன கேட்பதென்று தெரியவில்லை. எல்லா ஞாயிறும் கேட்பதையே கேட்டார்.

"அங்க என்ன புதினம்?"

"புதினம் எண்டு... பிள்ளைக்குக் காய்ச்சல் மாமா. இப்ப கொஞ்சம் குறைஞ்சிட்டுது. அதுதான் நான் வேலைக்குப் போகேல்லை."

"எந்தப் பிள்ளை?"

"எங்கட பிள்ளைதான் மாமா. மகள். நாலு வயசு."

அப்பா போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அவ்வளவு கோபத்தை நான் அவர் முகத்தில் கண்டதில்லை.

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ஒரு நாளாவது கேட்டனீங்களே?" என்றேன். என் குரலும் குறையவில்லை.

அவர் நெஞ்சுக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "மாமா? மாமா, லைனில இருக்கிறீங்களோ?"

போனை மெல்ல வாய்க்குக் கொண்டுபோனார்.

"இருக்கிறன் பிள்ளை," என்றார். "காய்ச்சல் எத்தினை நாளா?"