எல்லாரும் சொல்லும் பள்ளம்

தெருவில் அவரை டார்ச் என்றுதான் சொல்வார்கள். வெல்டிங் பட்டறைக்காரர். சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவர் ஒரு சின்ன டார்ச் செருகியிருப்பார். கத்தரிக்காய் வாங்கினாலும் அதை அடித்துப் பார்ப்பார், கடைக்காரர் கொடுத்த ரசீதின் மேலும் அடிப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டால் போச்சு, இவன் எதுக்கு என்னை விசாரிக்கிறான் என்று அன்றைக்கு முழுக்க அதே யோசனைதான். "என்னையும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டுத்தானே கட்டிக்கிட்டீங்க?" என்று அவர் மனைவி கேட்பார். "இல்ல, அப்ப டார்ச் வாங்கல" என்பார் இவர், சிரிக்காமல்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அவர் தொழிலுக்கு அந்தப் புத்தி ரொம்பப் பொருத்தம். ஃபிரேமில் விரிசல் விட்ட பழைய மோட்டார் சைக்கிள்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் அவர் பட்டறைக்குத்தான் வரும். வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி விட்டுச்சு?" எல்லாருக்கும் ஒரே பதில்: "பள்ளத்துல இறங்கிடுச்சுங்க." லாரியின் பின்னால் போய்ச் சொருகியவனும் அதைத்தான் சொல்வான், மூட்டைமேல் மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனவனும் அதைத்தான் சொல்வான். "இந்த ஊர்ல இத்தனை பள்ளம் இருந்தா ஊரே உள்ள போயிருக்குமேய்யா" என்பார் டார்ச்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன லோடு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் அவருடைய மாப்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பின்னால் கயிறு போட்டுக் கட்டி நின்றது டார்ச்சின் சொந்தப் பழைய வண்டி. இருபத்திரண்டு வருஷம் அவரே ஓட்டிய வண்டி அது. போன வருஷம்தான் மகளுக்குக் கொடுத்தார். ஒரே மகள். சின்ன வயதில் அந்த டேங்க் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றியவள், இப்போது அதிலேயே வேலைக்குப் போய்வருகிறாள். ஞாயிறு தவறாமல் அப்பா வீட்டுக்கும் வந்துவிடுவாள். ஆனால் மூன்று வாரமாக ஆள் வரவில்லை. போன் போட்டால் "வேலைப்பா, வேலைப்பா" என்று வைத்துவிடுகிறாள். டார்ச்சுக்கு ஏற்கெனவே மூக்கு வியர்த்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை. எப்படி விட்டுச்சு?"

"பள்ளத்துல இறங்கிடுச்சு மாமா."

அய்யோ, நீயுமா! என்று நினைத்தார் அவர்.

"அவ எங்க?"

"வீட்ல... வேலையா இருக்கா."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா மாமா. இல்ல மாமா. வீட்டு வேலை."

கணக்கு வாத்தியாருக்குக் கூட்டத் தெரியும், கழிக்கத் தெரியும், பொய் சொல்ல மட்டும் தெரியவில்லை. முழிக்கிற முழியே சரியில்லை. டார்ச் அவர் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு. வண்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். புது பெயின்ட் வாசனை, ரெண்டு நாளைக்கு மேல் ஆகியிருக்காது.

எங்கேயோ இடித்துவிட்டுப் பூசி மெழுகிக்கொண்டு வந்திருக்கிறான் பயல். அதுவாவது போகட்டும். பின்னால் என் பொண்ணு உட்கார்ந்திருந்தாளா? அவளுக்கு என்ன ஆச்சு? எழுந்து நடக்கிறாளா? போனில் குரல் மட்டும்தானே கேட்டேன், ஆளைப் பார்க்கவில்லையே! மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று வந்தது அவருக்கு. ஆனால் மனுஷன் வாயைவிட இரும்பைத்தான் அவர் நம்புவார். வண்டி சொல்லட்டும், அப்புறம் இவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றார்.

ஹேண்டிலுக்குக் கீழே இறங்கும் குழாயில் விரல் நீளத்துக்கு விரிசல் தெரிந்தது. சுற்றிலும் பெயின்டைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அந்த இடத்தை நனைத்து, ஊற விட்டு, சுத்தமாகத் துடைத்தார். வெளியே துடைத்தாலும் விரிசலுக்குள் போன மண்ணெண்ணெய் அங்கேயே இருக்கும். மேலே வெள்ளைத் தூளைத் தட்டினால் மெல்லக் கசிந்து, எதுவரைக்கும் விரிசல் ஓடியிருக்கிறது என்று கறுப்புக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

"சாக்பீஸ் இருக்கா?"

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். தன்னைக் காட்டிக்கொடுக்கத் தானே சாக்பீஸ் தருகிறானே என்று டார்ச்சுக்கு ஒரு கணம் சிரிப்புக்கூட வந்தது.

கோடு விழுந்தது. கீழே நின்றுவிட்டது, மேலே நிற்கவில்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியில் ஓடி மறைந்தது. அவர் ஸ்பேனரை எடுத்ததும் மாப்பிள்ளை ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டார்.

"மாமா, அங்க வேண்டாம். தெரியற வரைக்கும் வெல்டிங் வச்சா போதுமே."

"ஏன், அங்க என்ன வச்சிருக்கீங்க?"

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட வேகத்தில் டேங்கைக் கழற்றிக் கீழே வைத்தார். ஹேண்டில் சேரும் கழுத்துப் பக்கம் கறுப்புப் பெயின்ட் அப்பிக் கிடந்தது. தின்னரில் துணியை முக்கி ஒரு இழுப்பு இழுத்தார். டார்ச்சை அடித்தார்.

உள்ளே ஒரு பழைய வெல்டிங். அதன் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. வெல்டிங் முடிந்த இடத்தில் சின்னதாக ஒரு கொக்கி, இடப்பக்கம் வளைந்து.

டார்ச் இடக்கைக்காரர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இடது பக்கம் கொக்கி போட்டு முடிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். பின்னால் ஒருத்தன் தன்னையே தொடர்ந்து வருகிறான் என்று சந்தேகம். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டியவர், நின்றுகொண்டிருந்த தள்ளுவண்டியில் நேராகப் போய் இடித்தார். பின்னால் வந்தவன் இறங்கி, "அடி பட்டுச்சாண்ணே?" என்று தூக்கிவிட்டுப் போனான். மனைவி கண்ணில் படுவதற்குள் அவசர அவசரமாக வெல்டிங் வைத்தார். விரிசலின் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால்தான் அது மேற்கொண்டு ஓடாது, இது பட்டறையில் நேற்று சேர்ந்தவனுக்கும் தெரியும். அன்றைக்கு டிரில் பிட் உடைந்திருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெயின்ட் அடித்து டேங்கை மாட்டினார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. மனைவி கேட்டபோது "பள்ளத்துல இறங்கிடுச்சு" என்றார். ஊரில் எவன் வெல்டிங்கையும் நம்பாதவர், தன் கையை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

"மாமா..." என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "ஆபீஸ் வாசல்ல திரும்பறப்ப ஹேண்டில் ஆடிப்போய் விழுந்துட்டா. மணிக்கட்டுல எலும்பு விரிசல் விட்டிருக்கு. வேற ஒண்ணும் இல்ல, சத்தியமா. முதல்ல வேற பட்டறைக்குத்தான் கொண்டு போனேன். அவர் சுரண்டிப் பாத்துட்டு, இன்னொருத்தர் வெல்டிங் மேல நான் கை வைக்க மாட்டேன், வச்சவர்கிட்டயே போங்கன்னுட்டார். போட்டோ எடுத்து அவகிட்ட காட்டினேன். கொக்கியப் பாத்ததும் கண்டுபிடிச்சுட்டா. அப்பாவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு, பெயின்ட் அடிச்சு மறைச்சிடு, பள்ளம்னு சொல்லுன்னா."

டார்ச் தரையில் உட்கார்ந்துவிட்டார். பாவி, என் பொண்ணு கையை நானே உடைச்சிருக்கேனே! கொஞ்ச நேரம் முன்பு வரை இந்தப் பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்க நினைத்தது வேறு ஞாபகம் வந்து, வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்புறம் எழுந்து வேலையைப் பார்த்தார். கோட்டின் ரெண்டு நுனியிலும் ஓட்டை போட்டார். பழைய வெல்டிங்கை முழுக்கக் குடைந்து எடுத்தார், ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. சூட்டில் குழாய் கோணிவிடாமல் அரை விரல் அரை விரலாக வைத்து, ஆற விட்டு, மேலே ஒரு தகடும் சேர்த்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நூல் பிடித்து நேர் பார்த்தார். பெயின்ட் மட்டும் அடிக்கவில்லை. முதலில் தனியாக நாலு தெரு ஓட்டிவிட்டு வந்து, "ஏறுங்க மாப்பிள்ளை" என்றார்.

கதவைத் திறந்த மகள் கட்டுப் போட்ட கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"பள்ளத்துல இறங்கிடுச்சுப்பா."

"பள்ளம் இல்லம்மா. நான்தான்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மகள் யாருக்குப் பிறந்தவள்! "இப்பவாவது ஓட்டை போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன். ரெண்டு பக்கமும்."

"டேங்கைக் கழட்டுங்க."

கழற்றினார். அவள் இடது கையை நீட்டி அவர் பையிலிருந்து டார்ச்சை உருவிக்கொண்டாள். மாப்பிள்ளை மண்ணெண்ணெய்த் துணியையும் சாக்பீஸையும் கொண்டுவந்தார். நனைத்தாள், துடைத்தாள், தூளைத் தட்டினாள். டார்ச் வாசற்படியில் நின்றார், தன் பட்டறையில் இத்தனை வருஷம் எத்தனையோ பேர் நின்ற மாதிரி.

"என்னம்மா?"

"பொறுங்கப்பா, இன்னும் ஊறணும்."

ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தாள். தூள் வெள்ளையாகவே இருந்தது.

"கோடு இல்ல. ஆனா நாளைக்கும் போட்டுப் பாப்பேன். உங்கள நம்ப முடியாது."

"நம்பாதேம்மா" என்றார். எவனாவது தன்னைச் சந்தேகப்பட்டால் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற மனுஷனுக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.