போகிறவர்கள் சொன்ன ‘வர்றேன்’

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே துணி ஆல்டரேஷன் கடை வைத்திருப்பவளை எல்லோரும் ஜிப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கூட, பிய்ந்த ஜிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு, “அக்கா, கொஞ்சம் அவசரம்” என்று வந்து நிற்பார். அந்த நேரத்தில் யார்தான் வயதைப் பார்த்து முறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

போன வருடம் அவள் கணவர் இறந்துபோனார். காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “போயிட்டு வர்றேன்” என்றார். அவள் தையல் மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தாமல் “ம்” என்றாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்தவர், இறங்கவேண்டிய இடம் வந்தும் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை அவள் அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அழுகை என்ன குழாய்த் தண்ணீரா, திருகினதும் கொட்டுவதற்கு? அவளுக்குள் எல்லாம் மரத்துப் போயிருந்தது. மகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புவாள், கடையைத் திறப்பாள், தைப்பாள், மூடுவாள். சாப்பிட்டாயா என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்வாள்.

கடைச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு. கடைசிக் கொக்கி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களுடைய துணிக்கு. அதில் கணவரின் பேன்ட் ஒன்றும் தொங்கியது. அடியைக் கொஞ்சம் ஏற்றித் தைக்கச் சொல்லியிருந்தார். அவள் குண்டூசி குத்தி வைத்ததோடு சரி.

இப்படியிருக்கும்போதுதான் கொழுந்தன் ஒரு யோசனையோடு வந்தான். கணவரின் தம்பி. தங்கமான மனசு, வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. அண்ணன் போனபிறகு அண்ணியைக் கரையேற்றுவது தன் பொறுப்பு என்று தலையில் போட்டுக்கொண்டான். ஊர்க்கோடியில் புதிதாக எழும்பிய அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓர் அறை வாடகைக்கு வருகிறதாம். கடையை அங்கே மாற்றிவிடவேண்டியதுதானாம்.

இரண்டு இடத்தையும் வைத்துக்கொள்ள வழியில்லை. இந்தக் கடையை விட்டால் அடுத்த நிமிஷமே ஜூஸ் கடைக்காரர் உள்ளே வரக் காத்திருக்கிறார். இந்தக் கட்டடத்தின் உரிமையாளர் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொல்லிவிட்டார். அங்கே போய் வியாபாரம் படுத்துவிட்டால் திரும்பிவர இடமில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் சோறு போடுவது இந்த ஒரு மெஷின்தான்.

“உனக்கு எது சரின்னு படுதோ, செய் தம்பி” என்றாள். மரத்துப்போனவர்கள் இப்படித்தான், எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

கொழுந்தன் சும்மா இருப்பானா? மார்க்கெட் சர்வே எடுக்கக் கிளம்பிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடியிருப்பு வாசலில் நின்று, போகிற வருகிறவர்களை மடக்கி மடக்கிக் கேட்டான். புதன்கிழமை கடைக்கு வந்து செல்போனை நீட்டினான். கலர் கலராக ஒரு வட்டம்.

“பச்சை முழுக்க நம்ம ஆளுங்க அண்ணி! நூத்துக்கு எம்பது பேர் வர்றேன்னுட்டாங்க!”

அவள் வட்டத்தைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டாள்.

“எப்படிச் சொன்னாங்க?”

“எப்படின்னா? ‘இங்க ஆல்டரேஷன் கடை வந்தா வருவீங்களா’ன்னு கேட்டேன். ‘சரிங்க, வர்றேன்’னாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போயிட்டாங்க.”

மெஷின் நின்றது.

“தம்பி, அவங்க போறேன்னு சொல்லியிருக்காங்க.”

நம் ஆட்களுக்குப் ‘போகிறேன்’ என்று சொல்ல நாக்கு எழாது. வீட்டைக் காலி செய்து சாமான்களை லாரியில் ஏற்றியவரும் ‘வர்றேன்’ என்று சொல்லித்தான் வண்டி ஏறுவார். அந்தச் சொல்லை இவன் வாடிக்கையாளராக எண்ணி, பச்சை வேறு அடித்து வைத்திருக்கிறான்!

“கடை எப்பத் திறப்பீங்க, என்னென்ன தைப்பீங்கன்னு யாராவது நின்னு கேட்டாங்களா?”

“ஒருத்தர் கேட்டார்” என்று அசடு வழிந்தான். “அவரும் தையல்காரராம்.”

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவளே போனாள். வருவீர்களா என்று ஒருவரையும் கேட்கவில்லை. “போன தடவை ஜிப் பிஞ்சப்ப என்ன செஞ்சீங்க?” என்று மட்டும் கேட்டாள். நடந்ததைச் சொல்ல யாருக்கும் முகதாட்சண்யம் தேவையில்லை. ஒருத்தி தூக்கிப் போட்டுவிட்டாளாம். ஒருவர் மாமியார் கையில் கொடுத்தாராம். பலர், வாராவாரம் ஒரு வேன் வந்து துணியை வாங்கிப்போய்த் தைத்துக் கொண்டுவருகிறதே என்றார்கள். மிச்சப்பேர் லிஃப்டில் இறங்கித் தரைக்கடியில் இருக்கும் பார்க்கிங்கிலேயே கார் ஏறிப் போய்விட்டார்கள். வாசலை மிதிக்கவே இல்லை.

திரும்பி வந்து கொக்கிகளைப் பார்த்தாள். தொங்கிய துணியெல்லாம் எதிரே பேருந்து ஏறுகிறவர்களுடையது. காலையில் கொடுப்பார்கள், மாலையில் இறங்கி வாங்குவார்கள். நிறுத்தம் இருப்பதால்தான் கடை நடக்கிறது. இத்தனை வருடம் கண்ணெதிரே இருந்த விஷயம். தெரிந்ததில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை கொழுந்தன் வந்ததும், “நான் இங்கயே இருக்கேன் தம்பி” என்றாள். பார்த்ததையெல்லாம் சொன்னாள். அவன் முகம் வாடியது. ஆனாலும் தலையாட்டினான்.

“நல்லவேளை அண்ணி. நடுத்தெருவுல நிறுத்தியிருப்பேன்.”

“நீ போய்க் கேட்டதாலதான நானும் போய்ப் பார்த்தேன்.”

எழுந்தான். “சரி அண்ணி, வர்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். “நாளைக்குச் சாயங்காலம் வருவேன். நிஜமாவே வருவேன். இதை நீங்க கணக்குல சேர்த்துக்கலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. அவன் தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கடைசிக் கொக்கியிடம் போனாள். கொழுந்தனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவன் மூன்று நாள் நம்பினான். அவள் ஒரு வருடமாக ஒரு ‘வர்றேனை’ வருவார் என்றே எண்ணி, துணியை மாட்டி வைத்திருக்கிறாள்.

பேன்ட்டை எடுத்து மடியில் போட்டு, குண்டூசிகளை ஒவ்வொன்றாக உருவினாள். துரு ஏறியிருந்த ஒன்று வர மறுத்தது. இழுத்ததில் விரலில் ஏறிவிட்டது. வலித்தது. நன்றாகவே வலித்தது.

அவள் தலையை நிமிர்த்தி வாசலைப் பார்த்தாள்.

“சரி,” என்றாள். “போயிட்டு வாங்க.”