கொல்லையிலிருந்து வாசலுக்கு வந்த டெக்

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு டெக்கைப் பிரித்துப் போட்டேன். கட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டெக் என்றால் பலகை மேடை; பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். தரையிலிருந்து ஒரு சாண் உயரம், பத்தடிக்கு எட்டடி, இரண்டு நாற்காலி போட ஓர் இடம். அவ்வளவுதான். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த காம்போஸிட் பலகை. கல்கத்தா மழைக்கு உளுத்துப் போகாது, கரையான் அண்டாது என்றார் கடைக்காரர். (கொல்கத்தா என்று மாற்றிவிட்டார்கள். என் வாய் இன்னும் மாறவில்லை.)

பவானிபூரில் நான் இருப்பது வாடகை வீடு. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் கட்டளை. அதனால் டெக் சுவரைத் தொடவே இல்லை. கொல்லையில், கொய்யா மரத்தடியில், கான்கிரீட் கட்டைகள் மேல் தனியாக நின்றது... என்னை மாதிரி.

கட்டியது நானும் நிமாய் என்கிற தச்சரும். நான் பலகைகளை ஒட்டி ஒட்டி வைக்க, அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"இடம் விடுங்க மணிதா. வெயில்ல இது உப்பும். ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும், எங்க அண்ணன் தம்பி மாதிரி."

(மணி என்கிற நான் இந்த ஊரில் மணிதா. தா, தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன்.) பலகைக்குப் பலகை இரண்டு தீக்குச்சி கனம் இடைவெளி விட்டோம்.

இவ்வளவும் யாருக்காக? பக்கத்து வீட்டு கோஷ்தாவுக்காக. கிடர்பூர் துறைமுக ஆபீஸில் ஒரே பிரிவில் இருந்து ரிடையர் ஆனவர்கள் நாங்கள். என் மனைவி ராஜம் இருந்தவரை கோஷ்தா தினமும் மாலை வருவார். ஹாலில் பேச்சு, ராஜத்தின் ஃபில்டர் காபி. அவள் போய் ஒன்றரை வருடம். மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்தால் இருவருக்குமே பேச்சு வரவில்லை. வருவது குறைந்தது. பிறகு நின்றது.

வேறு இடம் இருந்தால் வருவார் என்று கணக்குப் போட்டேன். முட்டி வலிக்காரர் ஏறத்தான் ஒரு சாண் உயரம்.

கூப்பிட்டேன். "இன்னிக்கு முட்டி சரியில்ல." மறுநாள், "நாளைக்கு." அப்புறமும் நாளைக்கு. இரண்டாவது நாற்காலியில் கொய்யா இலைதான் உட்கார்ந்தது. அதிகம் பேசி அலுக்க வைத்துவிட்டேனோ? துக்கத்தோடு இருப்பவனைவிட்டு ஒதுங்குகிறார்களோ?

சனிக்கிழமை காலை, காளிகாட் மார்க்கெட்டிலிருந்து மீன் பையோடு வந்தவரை வாசலில் மறித்தேன்.

"என்ன கோபம் தாதா? சொல்லிடுங்க."

"கோபமா? உங்க டெக்குக்கு எந்த வழியா போகணும்?" என்றார் வங்காளத்தில்.

"ஹால், சமையல்கட்டு, கொல்லை."

"அதான். தினம் மீன் தின்கிறவன் நான். பௌதியோட சமையல்கட்டுல எப்படிக் கால் வைப்பேன்?"

பௌதி என்றால் அண்ணி. இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், மீன் வாசனை ஹாலோடு நிற்க வேண்டும் என்று ராஜம் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது. நானே மறந்துவிட்டேன்.

"அவதான் இல்லையே தாதா. இனிமே யார் கேக்கப் போறா?"

"நீங்க சொன்னா ஆச்சா? பௌதி சொல்லணும்."

பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் அங்கேயே நின்றேன். ராஜத்தின் பேச்சைப் பக்கத்து வீட்டு மீன் பிரியர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். மட்டம் பார்க்கும் ரசமட்டம் வைத்து அளந்து அளந்து கட்டிய எனக்கு, கொல்லைக்குப் போக அவள் சமையல்கட்டைத் தாண்ட வேண்டும் என்பது தோன்றவே இல்லை!

மறுநாள் நிமாய் வந்தார். நடந்ததைச் சொன்னேன். சுவரோடு சேராத டெக், பிரிப்பது சுலபம். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே ஆறடி அகலம்தான். பலகைகளை அறுத்து அங்கே பொருத்தினோம்.

"பலகைய பத்தி அத்தனை கேள்வி கேட்டீங்க. மனுஷன ஒரு வார்த்தை கேக்கல," என்றார் நிமாய், ரம்பத்தை நிறுத்தாமல்.

சாயங்காலம் கோஷ்தா வந்தார். காலால் பலகையைத் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். நான் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தேன். ஒரு வாய் குடித்தார்.

"பௌதி போட்டது மாதிரி இல்ல."

"இல்லதான்."

அந்தக் காபியின் ருசி தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். அவர்களாவது ஓரிடத்தில் உட்கார வேண்டாமா?