தலை இல்லாத படங்கள்

திண்டிவனத்துத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கும் கம்பிக்குள் அப்பா கையை நுழைக்கும்போதே, உள்ளே ஓடும் படத்தின் இசை சுவரை அதிரவைத்துக்கொண்டு வெளியே வரும். வாசலில் 'மல்லாட்டை' என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வறுபடும் வாசனையும் கூடவே வரும். படம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பெருமுக்கல்லிலிருந்து நாங்கள் எந்தப் படத்துக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும் வேளையில்தான் அப்பாவுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் ஞாபகம் வரும். "படத்தோட தலைய மாட்டுக்குப் போட்டுட்டு, வாலக் காட்ட இட்டுக்கினு வர்றாரு உங்கப்பா" என்பாள் அம்மா.

இருட்டில் தடவி உட்கார்ந்ததும் அப்பா பக்கத்து இருக்கைக்காரரிடம் சாய்ந்து, "இன்னா ஆச்சுங்க?" என்று கேட்பார். யாரும் சலித்துக்கொண்டதில்லை. "மழ பெய்யுதுங்க. மேலருந்து ஒரு பங்களாவக் காட்றான். ஆளே இல்ல, ஊஞ்ச மட்டும் ஆடிக்கினு இருக்குது" என்றால் பேய்ப்படம். கோழி கூவி, வயலைக் காட்டி, ஒரு பெண் கோலம் போட்டாள் என்றால் குடும்பப் படம், கடைசியில் அழுதாக வேண்டும். "ஜீப்பு டயரத்தான் காட்றான், மூஞ்சியக் காட்டல" என்றால் அடிதடி. இப்படி ஊரார் வாயால் கேட்டே படங்களுக்கு ஜாதகம் பார்க்கக் கற்றேன். ஆனாலும் ஒரே ஒரு தொடக்கத்தையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்கிற ஏக்கம் தீரவில்லை.

ஒரு முழுப்பரீட்சை விடுமுறையில் அழுது சாதித்தேன். அம்மா மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, எங்களை முந்தைய பஸ்ஸில் ஏற்றினாள்.

திரையில் இருட்டு, தவளைச் சத்தம். கேமரா புல்லை ஒட்டித் தவழ்ந்துபோய் ஒரு பாழுங்கிணற்றின் விளிம்பில் நின்றது. சத்தமெல்லாம் சட்டென்று அடங்கியது. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை எழுந்தது.

"பேய்ப்படம்டி, புள்ள பயந்துக்கும், எழுந்திரு" என்று அப்பா கிளம்பப் பார்த்தார்.

"சும்மா உக்காருங்க. நேரத்துக்கு வந்ததே இன்னிக்கித்தான்" என்றாள் அம்மா.

கையைத் தொடர்ந்து லுங்கி கட்டிய ஒருவர் மேலே ஏறிவந்து, தன் இன்னொரு செருப்பைப் பார்த்தீர்களா என்று கேட்டார். தியேட்டரே குலுங்கியது. அது சிரிப்புப்படம். யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் அப்படிப் பயந்து, அப்படி ஏமாந்து சிரிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்காது. மீதிக் கதை இப்போது நினைவில் இல்லை.

அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். பக்கத்து இருக்கைக்காரரிடம் கதை கேட்பாரும் இல்லை. விழுப்புரத்தில் என் வீட்டில் மகள் போனில் படம் பார்க்கிறாள். தொடக்கத்தை விரலால் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறாள். போன வாரம் ஊரிலிருந்து வந்த அப்பா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளருகில் உட்கார்ந்தார்.

"தள்ளாதம்மா, மொதல்லருந்து போடு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற? அப்ப மாடு இருந்துச்சி. எனுக்கு மட்டும் ஆச இல்லாமயா இருந்துச்சி?" என்றார்.

இத்தனை வருஷத்தில் அது எனக்குத் தோன்றவேயில்லை. மகள் படத்தைப் பின்னுக்கு இழுத்தாள். திரை இருண்டது, எங்கோ மழைச் சத்தம் கேட்டது. என்ன படமாக இருக்கும் என்று மூன்று பேரும் தலையை ஒட்டிவைத்துக் காத்திருந்தோம்.